சிறப்பியல்புத் தடங்கல்: தொலைக்காட்சி வடம் முதல் நுண்கீற்றுக் கோடு வரை



தொலைக்காட்சி உணர்கொம்பிலிருந்து வரும் ஓரச்சு வடத்தின் மேலுறையில் 75 ஓம் என அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவ்வடத்தின் நடுக்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் இடையே பல்மானியின் இரு முனைகளையும் வைத்து அளந்தால் 75 ஓம் கிடைப்பதில்லை. வாசிப்பு முடிவிலியாகவே இருக்கும். நடுக்கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்தாலும் 75 ஓம் கிடைப்பதில்லை. அது சில ஓம் அளவே இருக்கும். அவ்வாறாயின் அச்சிடப்பட்ட அந்த 75 ஓம் எதனைக் குறிக்கிறது?

இவ்வினாவுக்கு விடை தெரிந்த மாணவர், ஓமின் விதியை வெறும் சூத்திரமாக அன்றி அதன் பொருளோடு விளங்கிக்கொண்டவர் ஆவார். இப்பாடத்தில் அவ்விடையைப் படிப்படியாகக் காண்போம். பின்னர் அதே கருத்து, அச்சிட்ட சுற்றுப் பலகையிலுள்ள நுண்கீற்றுக் கோட்டுக்கு எவ்வாறு பொருந்துகிறது எனப் பார்ப்போம்.

1. செலுத்துகைக் கோடு

சைகையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்லும் இரு கடத்திகளின் தொகுதி செலுத்துகைக் கோடு எனப்படும். ஒன்று போகும் வழி, மற்றையது திரும்பும் வழி. இரண்டுக்கும் இடையே காவலி ஒன்று இருக்கும். சில உதாரணங்கள்:

(அ) ஓரச்சு வடம்: நடுவே கம்பி, அதைச் சூழப் பொலித்தீன் காவலி, அதன் மேல் உலோகப் பின்னல்.
(ஆ) இரட்டைக் கம்பி நாடா: சமாந்தரமான இரு கம்பிகள். பழைய தொலைக்காட்சி உணர்கொம்புகளில் பயன்பட்ட 300 ஓம் தட்டை நாடா இவ்வகையினது.
(இ) நுண்கீற்றுக் கோடு: சுற்றுப் பலகையின் மேற்பக்கத்தில் ஒடுங்கிய செப்புக் கீற்று, கீழ்ப்பக்கத்தில் அகன்ற செப்புத் தளம். இது மைக்கிரோஸ்ரிப் எனவும் வழங்கும்.

காவலியால் பிரிக்கப்பட்ட இரு கடத்திகள் கொள்ளளவி ஒன்றாகத் தொழிற்படும் என்பதை அறிவீர்கள். எனவே செலுத்துகைக் கோட்டின் ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு கொள்ளளவம் உண்டு. ஓட்டம் பாயும் கடத்தியைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகும். எனவே ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு தூண்டுதிறனும் உண்டு. இவை இரண்டும் கோட்டின் நீளம் முழுவதும் சீராகப் பரவியிருக்கின்றன.

2. ஓர் எண் உதாரணத்தின் மூலம் வரைவிலக்கணம்

50 ஓம் வகை ஓரச்சு வடமொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவம் மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட்டு. அதில் சைகை செல்லும் கதி செக்கனுக்கு 2 × 10⁸ மீற்றர். அதாவது வெற்றிடத்தில் ஒளியின் கதியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு. இவ்வடத்தின் ஒரு முனையில் 10 வோல்ற்று மின்கலவடுக்கை இணைக்கிறோம் எனக் கொள்க. வடம் மிக நீளமானது.

ஆளியை மூடிய கணத்தில் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதை மின்கலவடுக்கு அறியாது. 10 வோல்ற்று என்னும் அலைமுகம் வடத்தின் வழியே முன்னேறத் தொடங்கும். அலைமுகம் கடந்த பகுதி ஏற்றம் பெற்றிருக்கும். கடக்காத பகுதி வெறுமையாக இருக்கும்.

1 மைக்கிரோசெக்கனில்,

அலைமுகம் சென்ற தூரம் = 2 × 10⁸ × 10⁻⁶ = 200 மீற்றர்
ஏற்றம் பெற்ற பகுதியின் கொள்ளளவம் = 200 × 100 = 20 000 பிக்கோபரட்டு = 2 × 10⁻⁸ பரட்டு
வழங்கப்பட்ட ஏற்றம் = கொள்ளளவம் × வோல்ற்றளவு = 2 × 10⁻⁸ × 10 = 2 × 10⁻⁷ கூலோம்
ஓட்டம் = ஏற்றம் ÷ நேரம் = 2 × 10⁻⁷ ÷ 10⁻⁶ = 0.2 அம்பியர்

இப்போது வோல்ற்றளவை ஓட்டத்தால் வகுப்போம்: 10 ÷ 0.2 = 50 ஓம்.

வடத்தில் அச்சிடப்பட்ட எண் இதுவே. மின்கலவடுக்கை 20 வோல்ற்றாக மாற்றினால் ஓட்டம் 0.4 அம்பியர் ஆகும், விகிதம் மாறாது. நேரத்தை 2 மைக்கிரோசெக்கனாக எடுத்தாலும் ஏற்றமும் நேரமும் சேர்ந்தே இருமடங்காவதால் விகிதம் மாறாது. எனவே இது கோட்டுக்கே உரிய இயல்பாகும்.

வரைவிலக்கணம்: செலுத்துகைக் கோடொன்றின் வழியே ஒரு திசையில் மட்டும் செல்லும் அலையின் வோல்ற்றளவுக்கும் ஓட்டத்துக்கும் இடையிலான விகிதம், அக்கோட்டின் சிறப்பியல்புத் தடங்கல் எனப்படும். அதன் அலகு ஓம் ஆகும்.

"ஒரு திசையில் மட்டும்" என்னும் சொற்களை விட்டுவிடாதீர்கள். கோட்டில் எதிர்த்திசையில் திரும்பும் அலையும் இருப்பின், ஓரிடத்தில் அளக்கும் மொத்த வோல்ற்றளவையும் மொத்த ஓட்டத்தையும் வகுத்துப் பெறும் எண் இடத்துக்கு இடம் வேறுபடும். அது சிறப்பியல்புத் தடங்கல் அன்று.

பல்மானியில் முடிவிலி தோன்றியதன் காரணமும் இப்போது தெளிவாகும். சில மீற்றர் வடம் ஒரு மைக்கிரோசெக்கனிலும் மிகக் குறைந்த நேரத்தில் ஏற்றம் பெற்றுவிடும். பல்மானி வாசிப்பைக் காட்டும் முன்னரே அலைகள் போய்த் திரும்பி அடங்கி, ஓட்டம் பூச்சியமாகிவிடும்.

3. சூத்திரம்

மேற்கண்ட கணிப்பைச் சுருக்கினால்,

சிறப்பியல்புத் தடங்கல் = 1 ÷ (மீற்றருக்கான கொள்ளளவம் × கதி)

அலையின் கதி கோட்டின் தூண்டுதிறனிலும் கொள்ளளவத்திலும் தங்கியுள்ளது: கதி = 1 ÷ √(தூண்டுதிறன் × கொள்ளளவம்). இதனை மேலுள்ள சமன்பாட்டில் இட்டால்,

சிறப்பியல்புத் தடங்கல் = √(மீற்றருக்கான தூண்டுதிறன் ÷ மீற்றருக்கான கொள்ளளவம்)

சரிபார்ப்போம். மேற்படி வடத்தின் தூண்டுதிறன் மீற்றருக்கு 250 நனோஹென்றி. 250 × 10⁻⁹ ஐ 100 × 10⁻¹² ஆல் வகுத்தால் 2500. அதன் வர்க்கமூலம் 50. விடை பொருந்துகிறது.

இச்சூத்திரம் சக்தி இழப்பற்ற கோட்டுக்கு உரியது. நடைமுறை வடங்களில் உயர் மீடிறனில் இழப்பின் விளைவு சிறிதாகையால் இதையே பயன்படுத்தலாம். சூத்திரத்தில் கோட்டின் நீளம் இடம்பெறவில்லை என்பதையும் கவனியுங்கள். 1 மீற்றர் வடமும் 100 மீற்றர் வடமும் ஒரே சிறப்பியல்புத் தடங்கலையே கொண்டிருக்கும்.

தடையியின் 50 ஓமுக்கும் கோட்டின் 50 ஓமுக்கும் வேறுபாடு உண்டு. தடையியில் சக்தி வெப்பமாக மாறுகிறது. கோட்டில் சக்தி வெப்பமாக மாறாது, அலையோடு முன்னோக்கிச் செல்கிறது. முதலைப் பொறுத்தமட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஏனெனில் இரு சந்தர்ப்பங்களிலும் சக்தி முதலை விட்டு நீங்குகிறது.

வரலாற்றுக் குறிப்பு: தடங்கல் என்னும் கருத்துக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை 1886 இல் சூட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒலிவர் ஹெவிசைட் (1850–1925) ஆவார். தந்தி வடங்களில் சைகை செல்லும் விதத்தைச் சமன்பாடுகளாக வகுத்தவரும் இவரே. ஓரச்சு வடத்துக்கான உரிமத்தை 1880 இல் பெற்றார். இளமையில் தந்தி இயக்குநராகத் தொழில் புரிந்த இவர், பல்கலைக்கழகம் செல்லாது தாமாகவே கற்றவர்.

4. முடிவிடத்தில் நிகழ்வது என்ன?

அலை கோட்டின் முடிவை அடையும்போது அங்குள்ள சுமையின் தடை கோட்டின் சிறப்பியல்புத் தடங்கலுக்குச் சமமாயின், வந்த ஓட்டம் முழுவதையும் சுமை ஏற்கும். தெறிப்பு நிகழாது. இது பொருத்தம் எனப்படும். சமமில்லாவிடின் அலையின் ஒரு பகுதி தெறித்துத் திரும்பும்.

தெறிப்புக் குணகம் = (சுமை − சிறப்பியல்புத் தடங்கல்) ÷ (சுமை + சிறப்பியல்புத் தடங்கல்)

இது வோல்ற்றளவின் எப்பங்கு தெறிக்கிறது என்பதைத் தரும். வலு வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு விகிதசமமாகையால், தெறிக்கும் வலுவின் பங்கு தெறிப்புக் குணகத்தின் வர்க்கமாகும்.

உதாரணம்: ஓர் உணர்கொம்பிலிருந்து இரு தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு இணைப்பு எடுப்பதற்காக ஒருவர் 75 ஓம் வடத்தின் முனையில் வேறு இரு 75 ஓம் வடங்களை நேரடியாக முறுக்கி இணைக்கிறார். பெட்டிகள் தத்தம் வடங்களுக்குப் பொருத்தமானவை. மூட்டில் தெறிப்பைக் காண்க.

விடை: வரும் அலைக்கு இரு வடங்களும் சமாந்தரமாகத் தோன்றும். எனவே சுமை = 75 ÷ 2 = 37.5 ஓம்.
தெறிப்புக் குணகம் = (37.5 − 75) ÷ (37.5 + 75) = −37.5 ÷ 112.5 = −1/3
தெறிக்கும் வலுவின் பங்கு = 1/9 (ஏறத்தாழ 11%)
ஒவ்வொரு பெட்டிக்கும் செல்லும் பங்கு = 8/9 இன் பாதி = 4/9

இத்தகைய இணைப்புக்கு முறுக்கிய மூட்டைத் தவிர்த்து, பிரிப்பி எனப்படும் சிறு உறுப்பைப் பயன்படுத்துவது இக்காரணத்தாலேயாகும். மறைக்குறி, தெறித்த வோல்ற்றளவு வந்ததற்கு எதிரான குறியுடையது என்பதைக் காட்டுகிறது.

5. நுண்கீற்றுக் கோடு

சுற்றுப் பலகையில் வடத்தைப் பதிக்க முடியாது. அங்கு உயர்மீடிறன் சைகைகளைக் கொண்டு செல்ல நுண்கீற்றுக் கோடு பயன்படுகிறது. இதனை விவரிக்கும் கட்டுரையை டி. டி. கிறீக், எச். எஃப். எங்கெல்மன் ஆகியோர் 1952 இல் வெளியிட்டனர். இன்று கையடக்கத் தொலைபேசி, கம்பியில்லா இணைய வழிப்படுத்தி, செய்மதி வாங்கி ஆகியவற்றின் சுற்றுப் பலகைகளில் இது இடம்பெறுகிறது.

கண்ணாடி இழையும் இப்பொட்சியும் சேர்ந்த சாதாரண பலகையின் தடிப்பு பெரும்பாலும் 1.6 மில்லிமீற்றர். அதன் சார் அனுமதித்திறன் ஏறத்தாழ 4.4. அப்பலகையில் கீற்றின் அகலத்தை மாற்றும்போது கணிப்பினால் பெறப்படும் பெறுமானங்கள் வருமாறு:

கீற்றின் அகலம் 1.5 மில்லிமீற்றர்: ஏறத்தாழ 73 ஓம்
கீற்றின் அகலம் 3 மில்லிமீற்றர்: ஏறத்தாழ 51 ஓம்
கீற்றின் அகலம் 6 மில்லிமீற்றர்: ஏறத்தாழ 32 ஓம்

இதனைச் சூத்திரத்தின் உதவியுடன் விளக்குவோம்.

(அ) கீற்று அகலமானால் எதிர்நோக்கும் பரப்பளவு கூடும்; கொள்ளளவம் கூடும்; தடங்கல் குறையும்.
(ஆ) பலகை தடித்ததானால் கீற்றுக்கும் தளத்துக்கும் இடைத்தூரம் கூடும், கொள்ளளவம் குறையும், தடங்கல் கூடும்.
(இ) சார் அனுமதித்திறன் கூடினால் கொள்ளளவம் கூடும், கதி குறையும். கொள்ளளவம் கூடும் வீதம் கதி குறையும் வீதத்திலும் பெரிது. ஆகவே தடங்கல் குறையும்.

அகலம் இருமடங்கானபோது தடங்கல் சரிபாதியாகவில்லை என்பதை அவதானித்தீர்களா? 51 இன் பாதி 25.5, ஆனால் பெற்றது 32. காரணம், மின்புலக் கோடுகள் எல்லாம் கீற்றின் கீழே நேராக இறங்குவதில்லை. சில கோடுகள் கீற்றின் ஓரங்களிலிருந்து வளைந்து வளியினூடாகச் சென்று தளத்தை அடைகின்றன. அகலத்தை இருமடங்காக்கினாலும் ஓரங்கள் இரண்டாகவே இருக்கும். எனவே மொத்தக் கொள்ளளவம் இருமடங்கிலும் குறைவாகவே கூடுகிறது.

புலத்தின் ஒரு பகுதி பலகையிலும் ஒரு பகுதி வளியிலும் இருப்பதால், அலை உணரும் சார் அனுமதித்திறன் 4.4 உம் அன்று, வளிக்குரிய 1 உம் அன்று, இடைப்பட்டதொன்று. இது விளைவுசார் அனுமதித்திறன் எனப்படும். 3 மில்லிமீற்றர் கீற்றுக்கு அது ஏறத்தாழ 3.3. கதி = 3 × 10⁸ ÷ √3.3 = செக்கனுக்கு ஏறத்தாழ 1.65 × 10⁸ மீற்றர்.

6. வரைவிலக்கணத்தில் ஒரு நுணுக்கம்

(திறமைச் சித்தியை எதிர்பார்க்கும் மாணவர்கள் இப்பகுதியைக் கருத்தூன்றி வாசிக்கவும்.)

வலு = வோல்ற்றளவு × ஓட்டம் என்பதை அறிவீர்கள். இதன்படி சிறப்பியல்புத் தடங்கலை மூன்று விதமாக எழுதலாம்:

(அ) வோல்ற்றளவு ÷ ஓட்டம்
(ஆ) வோல்ற்றளவின் வர்க்கம் ÷ வலு
(இ) வலு ÷ ஓட்டத்தின் வர்க்கம்

ஓரச்சு வடத்தில் இவை மூன்றும் ஒரே விடையைத் தரும். அங்கு காவலி சீரானது. மின்புலமும் காந்தப் புலமும் அலை செல்லும் திசைக்குச் செங்குத்தாகவே உள்ளன. எந்தப் பாதையால் அளந்தாலும் இரு கடத்திகளுக்கும் இடையிலான வோல்ற்றளவு ஒன்றே.

நுண்கீற்றுக் கோட்டில் வளியும் பலகையும் கலந்திருப்பதால், அலை செல்லும் திசையிலும் புலத்தின் ஒரு சிறு கூறு உண்டாகிறது. மீடிறன் குறைவாயின் அக்கூறு புறக்கணிக்கத்தக்கது. மூன்று விடைகளும் ஒன்றே எனக் கொள்ளலாம். மீடிறன் மிக உயர்ந்து, அலைநீளம் பலகையின் தடிப்போடு ஒப்பிடத்தக்கதாகும்போது, வோல்ற்றளவு அளக்கும் பாதையைப் பொறுத்து மாறும். அப்போது மூன்று வரைவிலக்கணங்களும் மூன்று வெவ்வேறு எண்களைத் தரும். ஆகவே அத்தகைய மீடிறனில் தடங்கலைக் கூறுபவர், எந்த வரைவிலக்கணத்தின்படி எனவும் கூற வேண்டும்.

இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொள்ளலாம். அளவீடு ஒன்றின் பெறுமானம் அதன் வரைவிலக்கணத்தோடு சேர்ந்தே பொருள் பெறும். வரைவிலக்கணத்தை மனனம் செய்வதோடு நில்லாது, அது எந்த நிபந்தனையின் கீழ் செல்லுபடியாகும் என்பதையும் கேட்டறியுங்கள்.

7. இதனை எப்போது கருத்திற் கொள்ள வேண்டும்?

கோட்டின் நீளம் அலைநீளத்தின் பத்தில் ஒரு பங்கிலும் கூடினால் சிறப்பியல்புத் தடங்கலைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்பது பொதுவான நடைமுறை விதி.

வீட்டு மின்வழங்கல்: மீடிறன் 50 ஹேட்ஸ். அலைநீளம் = 3 × 10⁸ ÷ 50 = 6000 கிலோமீற்றர். இலங்கைத் தீவின் நீளமே ஏறத்தாழ 435 கிலோமீற்றர். எனவே வீட்டு வயரிங்கில் இதனைக் கருத வேண்டியதில்லை.

தொலைக்காட்சிச் சைகை: மீடிறன் 600 மெகாஹேட்ஸ். வடத்தினுள் அலைநீளம் = 2 × 10⁸ ÷ (6 × 10⁸) = ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர். 10 மீற்றர் வடம் இதனிலும் பன்மடங்கு நீளமானது. கருதியே ஆக வேண்டும்.

கம்பியில்லா இணையம்: மீடிறன் 2.4 கிகாஹேட்ஸ். 3 மில்லிமீற்றர் நுண்கீற்றில் அலைநீளம் = 1.65 × 10⁸ ÷ (2.4 × 10⁹) = ஏறத்தாழ 6.9 சென்ரிமீற்றர். அதன் பத்தில் ஒரு பங்கு 7 மில்லிமீற்றர். விரல்நுனி அளவு செப்புக் கீற்றும் இங்கு செலுத்துகைக் கோடே.

8. மாணவர் பெரும்பாலும் விடும் தவறுகள்

● "75 ஓம் வடம் என்பது கம்பியின் தடை 75 ஓம் என்பதாகும்." தவறு. அது அலையின் வோல்ற்றளவு, ஓட்ட விகிதம்.
● "வடம் நீளமானால் சிறப்பியல்புத் தடங்கல் கூடும்." தவறு. நீளத்தில் தங்கியில்லை. நீளத்தோடு கூடுவது சக்தி இழப்பே.
● "சுமையின் தடை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நன்று." தவறு. சமமாக இருப்பதே நன்று. பெரிதானாலும் சிறிதானாலும் தெறிப்பு உண்டு.

9. பயிற்சி

(1) 100 மீற்றர் நீளமான 75 ஓம் ஓரச்சு வடம் இரு சம துண்டுகளாக வெட்டப்பட்டது. ஒவ்வொரு துண்டினதும் சிறப்பியல்புத் தடங்கல்,
(1) 37.5 ஓம் (2) 75 ஓம் (3) 150 ஓம் (4) 300 ஓம்

(2) நுண்கீற்றுக் கோடொன்றின் சிறப்பியல்புத் தடங்கலைக் கூட்டுவதற்குச் செய்யத்தக்கது,
(1) கீற்றை அகலமாக்கல் (2) பலகையை மெல்லியதாக்கல் (3) கீற்றை ஒடுக்கமாக்கல் (4) சார் அனுமதித்திறன் கூடிய பலகையைத் தெரிதல்

(3) 75 ஓம் வடமொன்று 300 ஓம் சுமையுடன் நேரடியாக இணைக்கப்பட்டது. தெறிக்கும் வலுவின் சதவீதம்,
(1) 25 (2) 36 (3) 60 (4) 75

(4) ஓரச்சு வடமொன்றின் கொள்ளளவம் மீற்றருக்கு 67 பிக்கோபரட்டு. சைகையின் கதி செக்கனுக்கு 2 × 10⁸ மீற்றர்.
(அ) சிறப்பியல்புத் தடங்கலைக் கணிக்க.
(ஆ) சுவரினுள் புதைக்கப்பட்ட இவ்வடத்தில் பழுது ஏற்பட்டுள்ளது. ஒரு முனையில் நேர்த் துடிப்பொன்றைச் செலுத்தியபோது 0.12 மைக்கிரோசெக்கனின் பின் மறைத் துடிப்பொன்று திரும்பி வந்தது. பழுது எவ்வளவு தூரத்தில் உள்ளது? அது வெட்டுண்ட பழுதா, குறுஞ்சுற்றா? காரணம் தருக.

விடைகள்

(1) 2. நீளத்தில் தங்கியில்லை.
(2) 3. கொள்ளளவம் குறையும்.
(3) 2. தெறிப்புக் குணகம் = 225 ÷ 375 = 0.6, அதன் வர்க்கம் 0.36.
(4) (அ) 1 ÷ (67 × 10⁻¹² × 2 × 10⁸) = 1 ÷ 0.0134 = ஏறத்தாழ 75 ஓம்.
(ஆ) போய்த் திரும்பிய மொத்தத் தூரம் = 2 × 10⁸ × 0.12 × 10⁻⁶ = 24 மீற்றர். எனவே பழுது 12 மீற்றர் தூரத்தில் உள்ளது. குறுஞ்சுற்றில் சுமை பூச்சியம். தெறிப்புக் குணகம் −1. எனவே துடிப்பு குறி மாறித் திரும்பும். வெட்டுண்டிருப்பின் சுமை முடிவிலி, குணகம் +1, துடிப்பு குறி மாறாது திரும்பியிருக்கும். ஆகவே இது குறுஞ்சுற்று ஆகும்.

நான்காம் வினாவின் இரண்டாம் பகுதியை மீண்டும் ஒரு முறை செய்து பாருங்கள். தூரத்தை இரண்டால் வகுக்க மறப்பவர் 12 மீற்றருக்குப் பதிலாக 24 மீற்றரில் சுவரை உடைக்க நேரிடும்.